வெக்கேஷன் ஸ்கீம், ட்ரெயினிங் கான்ட்ராக்ட் விண்ணப்பங்கள் (இங்கிலாந்து, வேல்ஸ்): எப்போது, எப்படி, எங்கே சறுக்கும்?

கீரிமலை
அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். செப்டம்பரில் எல்எல்பி இரண்டாம் ஆண்டு தொடங்குகிறது. மூன்று கேள்விகள். வெக்கேஷன் ஸ்கீமுக்கு (சட்ட நிறுவனங்கள் மாணவருக்கு நடத்தும் குறுகிய வேலைப் பயிற்சி) எந்த மாதத்தில் விண்ணப்பம் போட வேண்டும்? எத்தனை நிறுவனங்களுக்குப் போட்டால் போதும்? ட்ரெயினிங் கான்ட்ராக்ட் (சொலிசிட்டர் ஆவதற்கான இரண்டு வருடப் பயிற்சி வேலை) கிடைக்காமல் பாராலீகலாக, அதாவது சட்ட உதவியாளராகப் போனால் சொலிசிட்டர் ஆகும் வழி அடைபட்டுவிடுமா?

தேம்ஸ்கரை
முதலில் காலக்கணக்கு, தம்பி. பலரைக் கவிழ்ப்பது மதிப்பெண்ணல்ல, நாட்காட்டிதான்.

லண்டனின் நிதி வட்டாரமான சிட்டியின் பெரிய சட்ட நிறுவனங்கள் இரண்டு, மூன்று வருடம் முன்கூட்டியே ஆள் எடுக்கின்றன. 2026 செப்டம்பரில் இரண்டாம் ஆண்டு தொடங்குபவர் 2028 கோடையில் பட்டம் முடிப்பார். அடுத்த வருடம் எஸ்க்யூஇ (சொலிசிட்டர் தகுதித் தேர்வு) படிப்பு. ஆக, அவர் ட்ரெய்னியாக உள்ளே போவது 2029-இல். அந்த 2029 இடத்துக்கான விண்ணப்பம் 2026 இலையுதிர் காலத்திலேயே திறந்துவிடும். சட்டம் படிக்கிறவர்கள் இறுதியாண்டுக்கு முந்தைய வருடத்திலும், வேறு பாடம் படிக்கிறவர்கள் இறுதியாண்டிலும் விண்ணப்பிப்பது வழக்கம்.

ஸ்கீம்கள் குளிர்காலம் (டிசம்பர்), வசந்தம் (ஈஸ்டர் விடுமுறை), கோடை (ஜூன், ஜூலை) என்று நடக்கும். பெரும்பாலானவை ஒன்று முதல் மூன்று வாரம். விண்ணப்பம் செப்டம்பர், அக்டோபரில் திறக்கும். குளிர்கால ஸ்கீமுக்கு அக்டோபரிலேயே மூடிவிடுவதுண்டு, மற்றவை டிசம்பர், ஜனவரி வரை போகும். ஆனால் கடைசித் தேதியை நம்பியிருக்கக்கூடாது. பல இடங்களில் வர வர வாசித்து, வர வர நேர்காணலுக்கு அழைக்கிறார்கள். ஜனவரியில் போடுகிறவருக்கு மிச்சமிருக்கும் இடங்கள் குறைவு. நிறுவனப் பக்கத்தில் 'ரோலிங்' என்ற சொல் இருந்தால், திறந்து மூன்று வாரத்துக்குள் அனுப்பிவிடுங்கள்.

ஸ்கீமை வெறும் வேலை அனுபவம் என்று நினைக்காதீர்கள். பல நிறுவனங்கள் ட்ரெய்னிகளில் பெரும்பகுதியை அதற்கு வந்தவர்களிலிருந்துதான் எடுக்கின்றன. கடைசி நாளிலோ அதற்கு முதல் நாளிலோ ஒரு பார்ட்னர் (நிறுவனப் பங்காளி) நேர்காணல் இருக்கும். அதுவே ட்ரெயினிங் கான்ட்ராக்ட் நேர்காணல்.

கோப்புக்கட்டு
காலக்கணக்கு சரி. நான் படிவத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

ஏறக்குறைய எல்லாப் படிவமும் ஒவ்வொரு பாடத்தின் மதிப்பெண்ணையும் கேட்கும். டிரான்ஸ்கிரிப்டில் உள்ளதை அப்படியே எழுதுங்கள். 58-ஐ 60 ஆக்குவது சின்னப் பொய்யாகத் தோன்றலாம். இடம் கிடைத்த பிறகு டிரான்ஸ்கிரிப்டைக் கேட்பார்கள், இடம் போய்விடும். அதோடு முடிவதும் இல்லை. சொலிசிட்டராகப் பதிவு செய்யும்போது எஸ்ஆர்ஏ (சொலிசிட்டர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) நடத்தையையும் தகுதியையும் தனியாகப் பரிசீலிக்கும். படிவத்தில் செய்த பித்தலாட்டம் அங்கே நேர்மைப் பிரச்சினையாக எழும். மதிப்பெண் குறைந்ததற்கு உண்மையான காரணம் இருந்தால் அதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் மூன்று விஷயம் போதும்: என்ன நடந்தது, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை, எந்தப் பாடம் பாதிக்கப்பட்டது. 'ஏப்ரல் 28 முதல் மே 14 வரை பாட்டியின் இறுதிச் சடங்குக்காக யாழ்ப்பாணத்தில். மே 19 ஒப்பந்தச் சட்டத் தேர்வு. மற்றப் பாடங்களின் சராசரி 66, இதில் 54. பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்த சான்று உண்டு.' இவ்வளவுதான். உருக்கமாக எழுதத் தேவையில்லை.

அடுத்து நிறுவனப் பெயர். ஆலன் அண்ட் ஓவரி 2024 மே மாதம் ஷியர்மன் அண்ட் ஸ்டெர்லிங்குடன் இணைந்து 'ஏ அண்ட் ஓ ஷியர்மன்' ஆனது. ஹெர்பர்ட் ஸ்மித் ஃப்ரீஹில்ஸ் 2025 ஜூனில் கிரேமர் லெவினுடன் இணைந்தது, பெயரும் நீண்டது. ஸ்லாட்டர் அண்ட் மே பெயரில் 'அண்ட்' என்பது எழுத்தாகவே வரும், குறியாக வராது. பழைய பெயரில் கடிதம் போனால், பழைய கடிதத்தை ஒட்டி அனுப்பியிருக்கிறார் என்றுதான் வாசிப்பவர் நினைப்பார். அந்த நினைப்பு பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

'ஏன் எங்கள் நிறுவனம்?' என்ற கேள்விக்கு 250, 300 சொல்தான் தருவார்கள். வழக்கமாக வரும் பதில் இது:

'உங்கள் நிறுவனம் உலகத் தரமான வாடிக்கையாளர்களுடன் பணியாற்றுகிறது. நட்பான சூழலும் சிறந்த பயிற்சியும் என்னை ஈர்க்கின்றன.'

பெயரை மாற்றினால் ஐம்பது நிறுவனத்துக்கும் பொருந்தும். இதையே இப்படி எழுதலாம்:

'காற்றாலைத் திட்டங்களுக்குக் கடன் கொடுக்கும் வங்கிகளின் பக்கம் உங்கள் அணி நிற்கிறது. கட்டுமானம் தாமதமானால் அந்த நட்டம் யார் தலையில் விழ வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பதே ஒப்பந்தச் சட்டத்தில் நான் ஆய்வுக்கட்டுரை எழுதிய கேள்வி. உங்கள் ட்ரெய்னிகள் ஆறு சீட்டில் சுழல்வதால், நிதி, கட்டுமானம் இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்க்க முடியும்.'

இரண்டாவதில் மூன்று இணைப்பு இருக்கிறது: அவர்கள் செய்யும் வேலை, நீங்கள் ஏற்கெனவே தொட்ட விஷயம், அவர்களுடைய பயிற்சி முறை ('சீட்' என்றால் ட்ரெய்னி சில மாதம் உட்காரும் ஒரு துறை). மூன்றையும் நேர்காணலில் தோண்டிக் கேட்பார்கள். பதில் இல்லாத வாக்கியத்தை எழுதவே கூடாது.

நிலவரி
கோப்புக்கட்டு சொன்னதோடு கடை வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் பிள்ளைகள் பலர் அப்பா, மாமாவின் கடையில் வருடக்கணக்கில் நின்றிருப்பார்கள். படிவத்தில் அதை எழுதக் கூச்சப்பட்டு, இரண்டு நாள் போன 'இன்சைட் டே'யை (நிறுவனத்தை அறிமுகப்படுத்தும் நாள்) மட்டும் எழுதுவார்கள். இது பெரிய தவறு. மூன்று வருடம், வாரம் 12 மணி நேரம் என்பது கனமான அனுபவம். என்ன செய்தீர்கள் என்று துல்லியமாக எழுதுங்கள்: கணக்கை மூடுவது, சரக்கு வழங்குபவரோடு கடன் தவணை பேசுவது, மதுபானம் கேட்பவர் இளம் வயதாகத் தெரிந்தால் அடையாள அட்டை கேட்டு மறுப்பது, உரிம நிபந்தனைகளுக்காக மறுப்புப் பதிவேடு எழுதுவது. ஒழுங்குமுறைச் சட்டம் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்தவர் நீங்கள். வணிகச் சட்ட நிறுவனத்துக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டாம்.

இன்னொன்றில் கவனம் வேண்டும். ஊரவர்களுக்கு உள்துறை அலுவலகக் கடிதம் வாசித்துச் சொன்னது, மருத்துவரிடம் கூடப் போனது எல்லாம் நல்ல அனுபவம்தான். ஆனால் 'மொழிபெயர்த்தேன்' என்று எழுதுங்கள், 'குடிவரவு ஆலோசனை சொன்னேன்' என்று எழுதாதீர்கள். பதிவில்லாமல் குடிவரவு ஆலோசனையைத் தொழிலாக வழங்குவது 1999-ஆம் ஆண்டுக் குடிவரவு, புகலிடச் சட்டப்படி குற்றம். நீங்கள் செய்தது குற்றமாக இருக்காது. ஆனால் அந்த ஒரு சொல், வேறுபாடு தெரியாதவர் என்று காட்டிக்கொடுத்துவிடும். ஆட்களின் பெயரும் அடையாளமும் எங்கும் வரக்கூடாது.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை, 30, 40 இடங்களுக்குப் போட்டால்தான் நாலு அழைப்பாவது வரும்.

தேம்ஸ்கரை
எண்ணிக்கையில் உங்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரு படிவத்தை ஒழுங்காக எழுத எட்டிலிருந்து பத்து மணி நேரம் பிடிக்கும். 40 படிவம் என்றால் 400 மணி நேரம். பாடத்தோடு அது முடியாது. முடிக்க முயன்றால் இரண்டாம் ஆண்டு மதிப்பெண் விழும். அந்த மதிப்பெண்ணைத்தான் அடுத்த சுற்றில் எல்லோரும் பார்க்கிறார்கள். என் கணக்கு 10 முதல் 15. அதிலும் ஒரே வகை நிறுவனம் வேண்டாம். நாலைந்து பெரிய சிட்டி நிறுவனம், நாலைந்து நடுத்தர நிறுவனம், லண்டனுக்கு வெளியே பர்மிங்காம், லீட்ஸ், மான்செஸ்டர், பிரிஸ்டலில் உள்ளவை நாலு. முதல் படிவத்தை உங்கள் முதல் விருப்பத்துக்கு எழுதாதீர்கள். மூன்றாவது, நான்காவது படிவத்தில்தான் கை பழகும்.

நிலவரி
மணிக்கணக்கை ஏற்கிறேன். வேலை அனுபவப் பகுதியை ஒருமுறை நன்றாக எழுதி வைத்துக்கொண்டால் அடுத்தடுத்த படிவத்துக்கு நேரம் பாதியாகக் குறையும் என்பதால் 20 வரை போகலாம் என்பேன். அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

பொன்னாவரை
சென்னையில் எல்எல்பி முடித்து பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் இங்கே ஒரு வருட எல்எல்எம் படிக்க வரும்போது இதெல்லாம் எப்படிப் பொருந்தும்? விசாவைப் பற்றி யாராவது தெளிவாகச் சொல்லுங்கள்.

மறுமொழி
இங்கே தடுக்கி விழுகிறவர்கள் அதிகம். ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இங்கிலாந்து எல்எல்எம் உங்களுக்கு எஸ்க்யூஇ-யிலிருந்து எந்த விலக்கும் தராது. இந்தியப் பட்டம் ஏற்கெனவே பட்டத் தகுதிக்குப் போதும். சொலிசிட்டர் ஆவதற்காக மட்டும் எல்எல்எம் கட்டணம் கட்ட நினைத்தால், அந்தக் காரணம் நிற்காது.

பதிவு பெற்ற வழக்கறிஞருக்கு இரண்டு வருட வேலை அனுபவ நிபந்தனை, அதாவது க்யூடபிள்யூஇ, கிடையாது. எஸ்க்யூஇ 1, எஸ்க்யூஇ 2 தேறினால் போதும். அனுபவத்தைக் காட்டி எஸ்க்யூஇ 2-க்கு விலக்குக் கோரலாம். எஸ்க்யூஇ 1-ஐ வெளிநாட்டுப் பியர்சன் வியூ தேர்வு மையங்களிலும் எழுத முடியும். எஸ்க்யூஇ 2-இன் வாய்மொழிப் பகுதிக்கு மட்டும் இங்கிலாந்துக்கோ வேல்ஸுக்கோ நேரில் வர வேண்டும்.

விசாவில் பெரிய பொறி கோடைகாலம். மாணவர் விசாவில் பாட நாட்களில் வாரத்துக்கு 20 மணி நேரம், விடுமுறையில் முழுநேரம். இளநிலை மாணவருக்கு ஜூன், ஜூலை விடுமுறை. எல்எல்எம் மாணவருக்கு அது ஆய்வேடு எழுதும் காலம். பாட நாளாகவே கணக்கு. சம்பளத்தோடு முழுநேரம் நடக்கும் கோடை ஸ்கீமில் சேர்ந்தால் விசா மீறல் ஆகிவிடும். குளிர்கால, ஈஸ்டர் ஸ்கீம்களைப் பாருங்கள். உங்கள் பல்கலைக்கழகம் அந்த வாரங்களை முதுகலை மாணவருக்கு விடுமுறையாகக் கணக்கிடுகிறதா என்று அதன் விசா அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பு முடிந்ததும் கிராஜுவேட் விசா. இப்போது இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு 18 மாதம் (முனைவர் பட்டம் வேறு). ட்ரெயினிங் கான்ட்ராக்ட் இரண்டு வருடம் என்பதால் அதற்குள் அடங்காது. நிறுவனம் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு ஸ்பான்சர் செய்தே ஆக வேண்டும். 2025 ஜூலை 22 முதல் அதன் பொதுச் சம்பள வரம்பு 41,700 பவுண்ட். தொழிலுக்குப் புதியவர் என்ற பிரிவில் 33,400. தொழில்வாரி விகிதம் அதைவிடக் கூடுதலாக வந்தால் அந்தக் கூடுதல் தொகை. ட்ரெய்னிக்கு எஸ்ஆர்ஏ கேட்பது குறைந்தபட்ச ஊதியம் மட்டுமே. ஆகவே ஹை ஸ்ட்ரீட் (ஊர்க் கடைத்தெருவில் உள்ள சிறு) நிறுவனங்கள் பலவற்றின் ட்ரெய்னி சம்பளம் இந்த வரம்பைத் தொடாது. அவர்கள் ஆசைப்பட்டாலும் ஸ்பான்சர் செய்ய முடியாது. சிட்டியில் முதல் வருடச் சம்பளம் 50,000-ஐத் தாண்டுவதால் அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

படிவம் எழுதுவதற்கு முன் ஐந்து நிமிட வேலை: அரசு வெளியிடும் ஸ்பான்சர் உரிமப் பட்டியலைத் தரவிறக்கி, நிறுவனப் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் அந்தப் பத்து மணி நேரம் மிச்சம்.

கோப்புக்கட்டு
படிவத்தை அனுப்பியதும் பல இடங்களில் வாட்சன் கிளேசர் என்ற தர்க்கத் தேர்வு வரும். வழக்கமான வடிவம் 30 நிமிடம், 40 கேள்வி, ஐந்து பகுதி: அனுமானம், முன்முடிவு, தருவிப்பு, விளக்கம், வாதங்களை எடைபோடுதல். சட்ட அறிவு வேண்டாம். ஒவ்வொரு பகுதிக்கும் விதி வேறு என்பதை மறப்பதால்தான் மதிப்பெண் போகிறது.

முன்முடிவு என்றால் சொல்லாமலே உண்மை என்று எடுத்துக்கொண்டது. அந்தப் பகுதிக்கு ஒரு மாதிரி: 'அடுத்த மாதம் லண்டன் போகிறோம், அதனால் ரயில் சீட்டை இப்போதே வாங்குவோம்.' இதில் 'முன்கூட்டி வாங்கினால் மலிவு' என்ற முன்முடிவு இருக்கிறதா? இல்லை. வாழ்க்கையில் அது உண்மையாக இருக்கலாம். ஆனால் அந்த வாக்கியம் நிற்பதற்கு அது தேவையில்லை. தீர்ந்துபோகும் என்ற பயத்திலும் வாங்கலாம். 'அடுத்த மாதச் சீட்டை இப்போது வாங்க முடியும்' என்பது? இருக்கிறது. அது இல்லாவிட்டால் பேச்சே நிற்காது. இந்த ஒரு சோதனையை, அதாவது இதை எடுத்துவிட்டால் வாக்கியம் விழுமா என்பதை, இந்தப் பகுதியின் எல்லாக் கேள்விக்கும் போட்டுப் பாருங்கள்.

தருவிப்பில் 'சில' என்றால் குறைந்தது ஒன்று, எல்லாமாகவும் இருக்கலாம். 'சில ஒப்பந்தங்கள் எழுத்தில் உள்ளன' என்பதிலிருந்து 'சில எழுத்தில் இல்லை' என்று வராது. அனுமானப் பகுதியில் மட்டும் 'அநேகமாக உண்மை', 'போதிய தகவலில்லை' என்றெல்லாம் ஐந்து விடை இருக்கும். பொது அறிவைக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். வாதப் பகுதியில் வாதம் உண்மை என்றே வைத்துக்கொண்டு, கேள்வியோடு நேரடித் தொடர்பு உண்டா என்று மட்டும் பார்க்க வேண்டும்.

தேம்ஸ்கரை
அடுத்தது அசெஸ்மென்ட் சென்டர், அதாவது பயிற்சிகள் கொடுத்து ஆளை எடைபோடும் நாள். வணிக நிறுவனங்களில் அடிக்கடி வருவது 'நம் வாடிக்கையாளர் ஒரு கம்பெனியை வாங்குகிறார்' என்ற வழக்குக் கோப்பு. 10 முதல் 20 பக்கம், 45 நிமிடமோ ஒரு மணி நேரமோ. எல்லாவற்றையும் வாசிக்க நேரம் போதாது என்பதும் சோதனையில் அடக்கம்.

முதல் ஐந்து நிமிடத்தில் வாடிக்கையாளர் ஏன் வாங்குகிறார் என்று தேடுங்கள். காப்புரிமைக்காகவா, சந்தைக்காகவா, ஆட்களுக்காகவா? பிறகு அந்தக் காரணத்தை எது கெடுக்கும் என்று பாருங்கள். பெரிய வாடிக்கையாளரோடு உள்ள ஒப்பந்தத்தில், உரிமை கைமாறினால் முறித்துக்கொள்ளலாம் என்ற பிரிவு இருக்கும். கோப்பு தயாரிப்பவர்கள் விரும்பி வைக்கும் கண்ணி அது. மென்பொருளை எழுதியவர் ஊழியரல்ல, வெளி ஒப்பந்தக்காரர் என்று ஒரு வரி எங்கேயோ இருக்கும். அப்படியானால் எழுத்தில் மாற்றிக்கொடுக்காதவரை பதிப்புரிமை அவரிடமே இருக்கும். நிலுவை வழக்கு, குத்தகை முடியும் தேதி, ஊழியர் மாற்றத்துக்கான டூப்பி விதிகள் ஆகியவை அடுத்த வரிசை. பங்குகளை வாங்கினால் பழைய கடனும் வழக்கும் கம்பெனியோடு கூடவே வரும். சொத்துகளை மட்டும் வாங்கினால் வேண்டியதை எடுத்து வேண்டாததை விடலாம், ஆனால் ஒப்பந்தங்களை ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும்.

எட்டுச் சிக்கலை அடுக்கினால் மதிப்பெண் வராது. இரண்டை எடுத்து, 'இதற்காக விலையைக் குறைக்கலாமா, விற்பவரிடம் ஈட்டுறுதி வாங்கலாமா, ஒப்பந்தம் முடிவதற்கு முன் சரிசெய்யச் சொல்லலாமா, அல்லது விலகலாமா' என்று சொன்னால் வரும். பார்ட்னர் உங்கள் கருத்தை மறுத்துப் பேசுவார். புது உண்மை சொன்னால் மாறுங்கள், குரலை மட்டும் உயர்த்தினால் மாறாதீர்கள்.

கீரிமலை
மிக்க நன்றி. மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லையே. பாராலீகல் வழி?

மறுமொழி
அடைபடாது. 2021 செப்டம்பரில் எஸ்க்யூஇ வந்ததன் பெரிய விளைவே இதுதான். முன்பு ட்ரெயினிங் கான்ட்ராக்ட் இல்லாமல் கதவு திறப்பது அரிது. இப்போது வேண்டியது நான்கு: பட்டம் அல்லது இணையான தகுதி, எஸ்க்யூஇ 1-உம் 2-உம், இரண்டு வருட க்யூடபிள்யூஇ, நடத்தைப் பரிசீலனை. அந்த இரண்டு வருடத்தை நான்கு இடங்கள் வரை பிரித்துச் சேர்க்கலாம். பாராலீகல் வேலை, சட்ட மையத்தில் தன்னார்வம், பல்கலைக்கழக லா கிளினிக் (மாணவர்கள் நடத்தும் சட்ட உதவி மையம்) எல்லாம் கணக்கில் வரும், சொலிசிட்டர் ஒருவர் உறுதிசெய்தால்.

இந்த 'உறுதி' என்பதில் குழப்பம் உண்டு. நீங்கள் திறமையானவர் என்று அவர் கையெழுத்திடுவதில்லை. எவ்வளவு காலம் வேலை செய்தீர்கள், சொலிசிட்டருக்கான திறன்களில் சிலவற்றையாவது வளர்க்க வாய்ப்பு இருந்ததா, நடத்தை குறித்து ஏதும் எழுந்ததா, இந்த மூன்றைத்தான் சொல்கிறார். மறுக்கிற முதலாளியிடம் இதைப் பணிவாக எடுத்துக் காட்டுங்கள். பலர் தங்கள் மேல் பொறுப்பு வந்துவிடும் என்ற பயத்தில் மறுக்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை குறிப்பு எழுதி வையுங்கள்: தேதி, வேலை, எந்தத் திறன். வாடிக்கையாளர் பெயர் வேண்டாம். வேலையை விட்டுப் போகும் வாரத்திலேயே கையெழுத்தை வாங்கிவிடுங்கள். அந்தச் சொலிசிட்டர் வேறிடம் போய்விட்டால், நிறுவனம் மூடிவிட்டால், அலைய வேண்டிவரும்.

நிலவரி
மறுமொழி சொன்னது சட்டப்படி சரி. சந்தையில் ஒரு வேறுபாடு இருக்கிறது, அதையும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ட்ரெயினிங் கான்ட்ராக்டில் பொதுவாக நான்கு சீட், ஒவ்வொன்றும் ஆறு மாதம், வெவ்வேறு துறை. நிறுவனமே எஸ்க்யூஇ கட்டணமும் படிப்புச் செலவும் கட்டும். பெரியவை வாழ்க்கைச் செலவுக்கும் உதவித்தொகை தரும். பாராலீகல் இரண்டு வருடமும் ஒரே வகை வேலையில் இருக்கலாம். எஸ்க்யூஇ தேர்வுக் கட்டணம் மட்டும் இரண்டும் சேர்த்து 4,900 பவுண்ட் அளவில் கையிலிருந்து போகும், வகுப்புக் கட்டணம் தனி. தகுதி பெற்ற பிறகு அந்த ஒரு துறையில்தான் வேலை எளிதில் கிடைக்கும். ஈஸ்ட் ஹாம், ஹாரோ, டூட்டிங் பக்கத்துச் சிறு நிறுவனங்களில் குடிவரவு, குடும்பம், வீட்டு விற்பனை வேலைக்குத் தமிழ் பேசுகிறவருக்கு மதிப்பு உண்டு. அந்தத் துறைகள்தான் விருப்பமென்றால் இதை இரண்டாந்தர வழி என்று நினைக்கவே வேண்டாம். வங்கி நிதிச் சட்டம் வேண்டுமென்றால் குடிவரவில் இரண்டு வருடம் போவதற்கு முன் யோசியுங்கள்.

சிறு நிறுவனத்தில் சேருமுன் சொலிசிட்டர் பதிவேட்டிலும் கம்பனீஸ் ஹவுஸிலும் (அரசின் கம்பெனிப் பதிவகம்) தேடிப் பாருங்கள். பயிற்சிக்கு உங்களிடமே பணம் கேட்கும் இடத்துக்குப் போகாதீர்கள்.

மறுமொழி
துறை பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். கூடவே ஒன்று: சிட்டி நிறுவனத்துக்கு இன்னும் விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால், அவசரப்பட்டு எஸ்க்யூஇ 1-ஐச் சொந்தக் காசில் எழுதாதீர்கள். 2024 ஜூலைத் தேர்வில் தேறியவர்கள் 44 சதவீதம்தான். ஆறு வருடத்துக்குள் ஒவ்வொரு தேர்வுக்கும் மூன்று வாய்ப்பு. முதல் முயற்சியில் தேற வேண்டும் என்று நிபந்தனை வைக்கும் நிறுவனங்கள் உண்டு. தோல்வி பதிந்த பிறகு அவர்களிடம் போவது கடினம்.

பனைநிழல்
மகள் இப்போது ஏ லெவல். பல்கலைக்கழகம் போகாமலே சொலிசிட்டர் ஆகலாம் என்கிறார்களே?

கோப்புக்கட்டு
ஆகலாம் அக்கா. சொலிசிட்டர் அப்ரண்டிஸ்ஷிப், பொதுவாக ஆறு வருடம். சம்பளத்தோடு வேலை, வாரத்தில் ஒரு நாள் அளவுக்குப் படிப்பு, முடிவில் பட்டமும் எஸ்க்யூஇ-யும், கல்விக் கடன் இல்லை. 2026 ஜனவரி முதல் இந்த நிலைக்கான அரசு நிதி பெரும்பாலும் 16 முதல் 21 வயதில் தொடங்குகிறவர்களுக்கு மட்டுமே, ஆகவே ஏ லெவல் முடித்த கையோடு போவது நல்லது. விண்ணப்பங்கள் பதின்மூன்றாம் ஆண்டின் (ஏ லெவலின் கடைசி வருடம்) இலையுதிர், குளிர் காலத்திலேயே திறக்கும். யூகாஸ் வழியான பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் கூடவே போட்டு வையுங்கள். இடங்கள் மிகக் குறைவு.

கீரிமலை
கடைசியாக ஒன்று. கடை வேலையை எழுதினால் ரெஃபரன்ஸ் யாரைப் போடுவது? முதலாளி மாமாதான்.

நிலவரி
மாமாவைப் போடாதீர்கள். படிவத்தில் வேலையை எழுதும்போதே 'குடும்பத் தொழில்' என்று வெளிப்படையாகக் குறித்துவிடுங்கள். ரெஃபரன்ஸுக்கு ஒருவர் உங்கள் பல்கலைக்கழக ஆசிரியர். இரண்டாமவர் கடைக்கு வெளியே உள்ளவர், கணக்காளரோ தமிழ்ப் பள்ளிப் பொறுப்பாளரோ. இருவரிடமும் செப்டம்பரிலேயே கேட்டு, அவர்களது அலுவலக மின்னஞ்சலை வாங்கி வையுங்கள். வேலைத் தேதிக்குச் சான்றாகச் சம்பளச் சீட்டு அல்லது பி60 (வருடாந்தரச் சம்பள, வரிச் சான்று) இருந்தால் எடுத்து வையுங்கள். இடம் கிடைத்த பின் நடக்கும் சரிபார்ப்பில் தேதிகளைக் கேட்பார்கள்.